அற்புதராணி சொன்ன மைற்றர்

யேசு மரி சூசை துணை

பாஷையூர், யாழ்ப்பாணம்.
1945, மார்கழி.

என் பிரிய நாயகர் அவர்களுக்கு,

தேவமாதாவின் கிருபையால் நானும் பிள்ளையும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். அதை வாசித்துவிட்டு மற்றதை ஆறுதலாக வாசியுங்கள். உங்கள் சுகத்தை எந்த விலாசத்துக்குக் கேட்டு எழுதுவது என்று தெரியாமல் இத்தனை காலம் இருந்தேன். இப்போது இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுவர ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் எப்படிக் கிடைத்தார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரை யப்பான்காரன் பிடித்த பிறகு, அங்கே தச்சு வேலைக்குப் போன உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. யுத்தம் முடிந்தது என்று கோயில் மணி அடித்தார்கள். எல்லாரும் கோயிலுக்கு ஓடினார்கள். நான் தபாற்காரன் வருவான் என்று படலையடியில் நின்றேன்.

மாமி போன வருடம் தபசு காலத்தில் மோட்சம் சேர்ந்தார். காய்ச்சல்தான். கடைசி நாட்களில் உங்களைக் கேட்கவில்லை; நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல உங்களோடு கதைத்துக்கொண்டு கிடந்தார். அதனால் மனவருத்தமில்லாமல் போனார் என்றே நினைக்கிறேன். உங்கள் தகப்பனாருக்குப் பக்கத்தில் அடக்கினோம். இதைக் கடிதத்தில் அறிய வேண்டியிருக்கிறதே என்று அழாதேயுங்கள்.

அரிசி இன்னும் கூப்பனுக்குத்தான். என் அண்ணை இளையதம்பி தொழிலுக்குப் போய்வந்த நாளெல்லாம் எங்களுக்கும் கறிக்கு மீன் கொண்டுவந்து தந்தார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. இனி எழுதப்போவதை வாசிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

ஐப்பசியில் சிங்கப்பூரிலிருந்து வல்வெட்டித்துறைக்கு நாகலிங்கம் என்ற ஒருவர் திரும்பி வந்தார். அங்கே கடை வைத்திருந்தவராம். அண்ணை தேடிப்போய் அவரை வீட்டுக்கே கூட்டிவந்தார். யப்பான்காரன் தச்சு வேலைக்காரரை எல்லாம் பிடித்து, சீயம் தேசத்து ரயில் பாதைக்குப் பாலம் கட்டக் கொண்டுபோனான் என்றும், அப்படிப் போன லொறியில் உங்களைக் கண்டதாகவும் அவர் சொன்னார். போனவர்களில் திரும்பினவர்கள் கொஞ்சப்பேர்தான் என்றும் சொன்னார். நான் கேட்டது ஒன்றுதான். லொறியில் நின்றாரா, குந்தியிருந்தாரா என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நிண்டவர் தங்கச்சி, கையும் காட்டினவர்,” என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணை நான் துக்கத்துக்கு உடுக்க ஒரு கறுப்புச் சீலை வாங்கிவந்து பெட்டகத்தின்மேல் வைத்தார். “பிள்ளை, இனி ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுப்பம். அவன் ஒரு செபமும் இல்லாமல் அந்தரிச்சுக்கொண்டு திரியவேண்டாம்,” என்று சொல்லி அழுதார். உங்கள்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். சுவாமியாரிடமும் போய்ப் பேசிவிட்டார். பிள்ளையின் நெற்றியில் தைலம் பூசும் உறுதிபூசுதல் முடிந்ததும் பூசை வைப்பது என்று முடிவாயிற்று. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சீலையை மட்டும் தொடவில்லை.

இனித்தான் அற்புதராணியின் கதை. நீங்கள் கப்பல் ஏறும்போது நாலு வயதுப் பிள்ளை. உங்கள் முகம் அவளுக்கு மறந்துபோயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். உங்களைப் பற்றி அவள் கேட்பதில்லை. கேட்காததை ஒரு நன்மை என்றுகூட எண்ணியிருந்தேன். மன்னியுங்கள்.

உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மதர் படிப்பித்தார். சுவாமிமாருக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியாரின் படத்தைக் காட்டி, அவர் தலையில் இருக்கும் கூரான தொப்பிக்கு இங்கிலீசில் மைற்றர் என்று பெயர் சொன்னாராம். இவள் எழும்பி நின்று, “இல்லை மதர், மைற்றர் தொப்பியில்லை. சட்டத்தின்ரை மூலையைச் சரிச்சு அறுத்துப் பொருத்துறதுதான் மைற்றர். எங்கடை அப்பு செய்யிறவர்,” என்றாளாம். வகுப்பு முழுக்கச் சிரித்துவிட்டது.

அடுத்தநாள் காலமை நீங்கள் விட்டுப்போன தச்சு ஆயுதப் பெட்டியைத் திறந்து, அறுக்கும் வாள் போவதற்குச் சாய்வாக வெட்டுவிட்ட அந்த மரத் தொட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். உங்களைத் தவிர ஒருவரும் தொட்டிராத பெட்டி. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மதருக்கு முன்னால் அதை வைத்து, சட்டத்தை எப்படிப் பிடிப்பது, வாளை எங்கே விடுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். “அறுத்த ரெண்டு துண்டையும் சேத்து வெயிலுக்கு நேரே பிடிச்சுப் பாக்கிறவர். நடுவிலை வெளிச்சம் தெரிஞ்சால் திரும்பவும் சீவிறவர். மரத்தூள் என்ரை மடியிலை விழும்,” என்றாள்.

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் மறந்த உங்களை அவள் வைத்திருந்தாள். நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதை அப்படியே செய்தாள். மதர் சிரிக்கவில்லை. “ரெண்டுக்கும் ஒரே பெயர்தான் பிள்ளை. எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது,” என்று சொல்லி அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

உறுதிபூசுதலுக்கு இம்முறை இந்தியாவிலிருந்து விருந்தாளியாக ஒரு மேற்றிராணியார் வந்திருந்தார். வயதானவர், தமிழர். பூசை முடிந்து சுவாமியாரின் அறைவீட்டு விறாந்தையில் இருந்தவரிடம் மதர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அவர் பிள்ளையைக் கூப்பிட்டார். நானும் அண்ணையும் பின்னால் போனோம். தொப்பி அவர் மடியில் இருந்தது. இவள் பயமில்லாமல், “இதுக்குள்ளையும் மரம் இருக்கோ?” என்று கேட்டாள். அவர் சிரித்து, “நீயே பார்,” என்று அதை அவள் கையில் கொடுத்தார். இவள் அதை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். உபதேசியார் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “வெளிச்சம் தெரியேல்லை ஆண்டவரே, நல்லாய்த்தான் பொருந்தியிருக்கு,” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மேற்றிராணியார், “உன் தகப்பனார் எங்கே?” என்று கேட்டார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அண்ணை தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஆண்டவரே, அவர் காலஞ்சென்ற...” என்று தொடங்கினார். எனக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. “சிங்கப்பூரிலை இருக்கிறார் ஆண்டவரே,” என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். ஆம்பிளையள் கதைக்கும் இடத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவர் எல்லாவற்றையும் விசாரித்தார். லொறிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு, தான் கொழும்புக்குப் போய் அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுவதாகவும், சீயத்திலிருந்து மீண்டவர்களை வைத்திருக்கும் இடங்களுக்குப் போவதாகவும் சொன்னார். “நான் கண்டுபிடித்துத் தருவேன் என்று சொல்லமாட்டேன் மகளே. தேடுவேன்,” என்றார். எங்கள் சுவாமியாரைப் பார்த்து, தன்னிடமிருந்து மறுமொழி வரும்வரை மரித்தவருக்குப் பூசை வேண்டாம், தூரதேசம் போனவருக்காகப் பூசை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை நேரே உள்ளே போய், கறுப்புச் சீலையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “உந்தச் சீலை இஞ்சை கிடக்கவேண்டாம்,” என்றார். படலைக்கு வெளியே போய் நின்று, “நீ எழுதிற கடிதத்திலை நானும் கேட்டதெண்டு போடு,” என்றார். அண்ணை உங்களைச் சுகம் கேட்டார்.

நாளைக் காலமை மேற்றிராணியார் இந்தக் கடிதத்தோடு புறப்படுகிறார். எழுத நினைத்தது வேறு, எழுதினது வேறு. கை போயிருந்தாலும் வாருங்கள், கண் போயிருந்தாலும் வாருங்கள். வருத்தத்தில் கிடக்கும்போது வேறொருத்தி கஞ்சி காய்ச்சித் தந்து, அதனால் வரமுடியாமல் இருந்தால், எனக்கு மனம் நோகாது என்று பொய் எழுதமாட்டேன். நோகும். ஆனாலும் ஒரு வரி எழுதுங்கள். மாலையில் கடற்காற்று திரும்பும்போது, நீங்கள் தலையில் பூசும் எண்ணெய் மணம் வீட்டுக்குள் வருவதுபோல இருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் என்னால் தனியே இருக்க முடிவதில்லை.

கடலிலும் காட்டிலும் தேவமாதா உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். பிள்ளையின் முத்தமும் இதற்குள் இருக்கிறது.

தங்கள்
யசிந்தா

இந்தக் கடிதம் வேறொருவர் கையில் வந்தால்:

ஐயா, நீங்கள் யாராயிருந்தாலும் என் வணக்கம். இது பாஷையூர் தச்சன் சிமியோனுக்கு எழுதியது. நான் வாயால் சொல்லாத பெயரை உங்களுக்காக எழுதுகிறேன். தயவுசெய்து இதைத் திருப்பி அனுப்பாதேயுங்கள். அவர் இருக்கிற இடம் தெரிந்தால் அங்கே கொண்டுபோங்கள். அது மறுமொழி சொல்ல முடியாதவர்கள் இருக்கிற இடமானாலும், அவர் பக்கத்தில் நின்று, முதலிலிருந்து கடைசிவரை ஒருதரம் உரத்து வாசித்துவிடுங்கள்.