காற்றில் விழுந்ததா, தண்ணீரில் விழுந்ததா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நலம். உன் அம்மாவும் நலமாகத்தான் இருப்பாள், ஆனால் அதை இப்போது உன் மாமா வீட்டில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என் பக்கத்து நியாயம் வரும்போதெல்லாம் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி. நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பத்திக்குத் தாவுகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

உன் மாமாவிடம் சொல்லிக் கொத்தனாரை அனுப்பி வைத்தது நீதான் என்று தெரிந்துகொண்டேன். ஒரு குளியலறைச் சுவருக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்டாயாம். நடந்ததைத் தெரிந்துகொண்டு பிறகு பேசு. புயல் அடித்த அன்று சாயங்காலம் காற்று அந்தச் சுவரைப் பிடித்து உலுக்கியது, மேல்வரிசைக் கல் சரிந்தது, சுவர் நெடுகப் பிளந்துகொண்டது, ஆனாலும் நின்றது. விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பின்சந்து வழியாக வந்து அடிமண்ணை அரித்துக்கொண்டு போனது, சுவர் மண்டி போட்டு உட்கார்ந்து வெளிப்பக்கம் சாய்ந்தது. கையில் டார்ச்சோடு நின்று பார்த்தவன் நான். பாதி காற்று, பாதி தண்ணீர். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் மாநில அரசின் பொறியாளர் வந்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்தார். “இது காத்துல விழுந்த சுவருங்க பெரியவரே, புயல் சேதம் மத்திய அரசு கணக்குல வரும், அவங்க குழு வந்து பாக்குற வரைக்கும் ஒரு செங்கல்லக்கூட நகத்திடாதீங்க, நகத்தினா சேதமே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்று இடிபாட்டுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, நாய் படுக்காமல், யாரும் கல் பொறுக்கிப் போகாமல் காவல் காத்தேன். நின்ற சுவரை நான் ஒரு நாளும் அப்படிக் கவனித்ததில்லை. மாதங்கள் கழித்துத் தலைநகரிலிருந்து மத்தியக் குழு வந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து பார்த்தார். “அடிமண்ணே போயிருக்கே, இது ஏரித் தண்ணி, மதகைத் திறந்தது மாநிலம், அவங்கதான் பாக்கணும்” என்றார். முன்னவர் மேலே பார்த்தார், பின்னவர் கீழே பார்த்தார், நடுவில் நின்ற என்னை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அப்படியானால் மேல்பாதியை நீங்களும் கீழ்ப்பாதியை அவர்களும் கட்டிக் கொடுங்கள், நான் நடுவில் பூசிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. அதற்கு இரண்டு தரப்பும் சேர்ந்து கூட்டு ஆய்வு செய்ய வேண்டுமாம். அதை யார் கூட்டுவது என்று இரண்டு அலுவலகத்திலும் கேட்டேன். இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே.

நான் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவன். சோதனைச் சாவடியில் மத்திய வரிக்கு ஒரு ஜன்னல், மாநில வரிக்கு ஒரு ஜன்னல் பார்த்திருக்கிறேன். இந்த லாரி என்னுடையது இல்லை, அவரைப் போய்ப் பார் என்று எந்த ஜன்னலிலும் எவரும் சொன்னது கிடையாது. வாங்குகிறபோது இரண்டு கையும் நீளும், கொடுக்கிறபோது இரண்டுக்கும் கை வலிக்கும். பள்ளிக்கூடம் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் நூலகத்தில் உட்கார்ந்து பேரிடர்ச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலில் மாநிலம் பார்க்க வேண்டும், அதற்கு மீறிப் போனால் மத்திய அரசு கை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மீறிப் போனதா இல்லையா என்று யார் சொல்வது என்பதை மட்டும் காணவில்லை. நீ பணம் அனுப்புகிறேன் என்றாய், வேண்டாம் என்றேன். நான் செங்கல்லுக்கு வழியில்லாமலா இருக்கிறேன்? இது எங்கள் வேலைதான், செய்யாமல் விட்டோம் என்று அந்த இரண்டில் ஒன்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைக்க என் கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்த இடிபாடு.

இதையெல்லாம் உன் அம்மாவிடமும் பொறுமையாகத்தான் சொன்னேன். “உங்க சாட்சி நல்லா இருக்கட்டும், நான் எங்க குளிக்கிறது” என்றாள். தார்ப்பாய் கட்டியிருக்கிறதே என்றேன். “அந்தப் பாய் காத்துல ஒரு பக்கம் பறக்குது, நான் சேலையப் பிடிக்கிறதா பாயப் பிடிக்கிறதா” என்று கேட்டுவிட்டு, வாளியும் துண்டுமாகப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரம்மாவிடம் போய்க் குளித்துவிட்டு வர ஆரம்பித்தாள். அது அப்படியே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நீ அனுப்பிய கொத்தனாரும் உன் மாமாவும் வாசலில் வந்து நின்றார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. “மாமா, நீங்க ஜெயிச்சு அக்கா எப்பக் குளிக்கிறது” என்று உன் மாமா வெளியே நின்று கேட்டான். அவனுக்கு என்றைக்கு விஷயம் புரிந்திருக்கிறது. உன் அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். “அங்க மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கவர்மெண்டு, இங்க ஒரே ஆளுக்குள்ள ரெண்டும் இருக்கு, சுவர் எழும்பினா சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுத் தம்பி பின்னால் போய்விட்டாள். நான் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் போனாள், அவளாக வருவதுதான் முறை. இதை நீ அவளிடம் சொல்ல வேண்டாம்.

போன வாரம் மருந்துக்கடைக்காரம்மா வந்து உன் அம்மாவின் சோப்புப் பெட்டியைக் கொடுத்தாள், அந்தப் பச்சை நிறப் பெட்டி, மூடி உடைந்தது. “அக்கா விட்டுட்டுப் போயிட்டாங்க, குளிச்சிட்டு எங்க ரூம முழுக்கத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் போவாங்க, வேண்டாம்க்கான்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாங்க” என்றாள். நம் வீட்டில் உன் அம்மா குளியலறையைக் கழுவு என்று என்னைத்தான் விரட்டுவாள், உனக்கே தெரியும். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். அதை வைக்க இடமில்லை. சோப்பு வைக்கிற மாடம் விழுந்த சுவரில் அல்லவா இருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், பிறகு ஜன்னல் விளிம்பில் வைத்தேன், வழுக்கி விழுந்தது, திரும்ப எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கொத்தனாரை நானே தேடிப் போய்க் கூப்பிட்டேன், உன் மாமா மூலமாக இல்லை என்பதைக் குறித்துக்கொள். விழுந்த சுவரில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அது கிடக்கிறபடியே கிடக்கட்டும், உள்பக்கம் தள்ளிப் புதிதாக ஒன்று எழுப்பு என்றேன். “வெளியில ஒண்ணு உள்ள ஒண்ணு, ஜெயிலுக்குத்தான் இப்படிக் கட்டுவாங்க” என்றான். உன் வேலையைப் பார் என்றேன். செங்கல் எடுத்துக் கொடுத்தது நான், கலவை குழைத்தது நான், நேற்றுப் பூச்சும் முடிந்துவிட்டது. இனிமேல் கூட்டு ஆய்வுக்காரர்கள் என்றைக்கு வந்தாலும் காட்டுவதற்கு விழுந்தது வெளியே இருக்கிறது, குளிப்பதற்கு நிற்பது உள்ளே இருக்கிறது. நான் இறங்கிவந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. திங்கட்கிழமை இரண்டு அலுவலகத்துக்கும் போகத்தான் போகிறேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருங்கள். உங்கள் ஊரிலும் மழை என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஏதாவது அணையோ ஏரியோ இருக்கிறதா, இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள். முக்கியமான விஷயம், இதைப் படித்ததும் மாமா வீட்டுக்குப் போன் செய். சுவர் எழும்பிவிட்டது என்று அம்மாவிடம் சொல், நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. உள்ளே இடம் கொஞ்சம் குறுகிவிட்டது, முழங்கை இடிக்கும், அதையும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. கை எட்டுகிற உயரத்தில் மாடம் வைத்தாகிவிட்டது, சோப்புப் பெட்டி அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா