அம்மா பின்பக்கமாகப் போகிறாள்

அன்புள்ள மூத்தவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் தம்பிக்கு இடமாற்றம் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த முட்டி நன்றாக மடங்குகிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே நடக்கிறாள். முன்வாசல் தரை எப்படி என்று போனில் நீ கேட்டதற்கு, அரண்மனை மாதிரி இருக்குடி என்றாளே, அது பொய். என் மானத்துக்காகச் சொன்ன பொய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

அவள் கேட் வரை நடந்துவர வேண்டும் என்றுதான், ஈரம் காயுமுன் ரப்பர் பாயை அழுத்தி உருவம் பதிக்கிற அந்த அச்சுக் கான்கிரீட்டையே போட நினைத்தேன். நீதான், காண்டிராக்டர் வேறு வீட்டில் போட்ட தரை நாலு மழைக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள், சின்னதாக மாதிரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றாய். பின்சுவரை ஒற்றை ஆளாகக் கட்டியவனுக்கே பாடமா என்று எரிந்து விழுந்தேன். முதலில் ஒரு பெண் காண்டிராக்டர் வந்தாள். வந்ததும் வராததுமாக, இதுல யாரு நடப்பாங்க என்றாள். மனுஷங்கதான் என்றேன். கல் பதித்தது போல ஆழமான அச்சு கேட்டேன், உள்ள வாக்கர் நிக்குதே, கால் மாட்டுமே என்றாள். அச்சுப்பாய் ஒட்டாமலிருக்க மேலே தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். தெளிச்சா மேல்தோல் உரியும், தண்ணிய செடிக்குத் தெளிங்க பெரியவரே என்றாள். என் வாசலில் நின்றுகொண்டு! கேட்டைத் திறந்து வழியைக் காட்டினேன்.

அடுத்து வந்தவர் நான் எதைச் சொன்னாலும், ஐயா சொன்னா சரிதான் என்றார். இவர்தான் வேலை தெரிந்தவர் என்று முடிவு கட்டினேன். ஆழமான அச்சு, தண்ணீர்த் தெளிப்பு, செங்காவி நிறம், எல்லாம் என் சொற்படி. போட்ட அன்று தெருவே நின்று பார்த்தது. அடித்த முதல் மழையிலேயே சிவப்பு ஏடு ஏடாகக் கிளம்பிவிட்டது. கூப்பிட்டால் இப்போதும் ஐயா சொன்னா சரிதான் என்கிறார், வருவதுதான் இல்லை.

அதுகூடப் பெரிதில்லை. கொஞ்ச நாளாக அம்மா சமையலறைக் கதவு வழியாக வெளியே போய், துணிக்கொடிக்கு அடியில் குனிந்து, குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போகிறாள். ஏன் என்று கேட்டால், பின்னாடி நல்லா காத்து வருதுங்க என்கிறாள். வாக்கர் கால் அச்சுக்குழியில் மாட்டி அவள் விழப்பார்த்ததை அடுத்த வீட்டு டெய்லர் சொல்லித்தான் அறிந்தேன். அவரிடம், எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம் என்றாளாம். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு நான் என்ன செய்வேன், அந்த டெய்லர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

கடைசியில் அந்தப் பெண் காண்டிராக்டரையே தேடிப் போய்க் கூட்டிவந்தேன். யாரு வேலை இது என்றாள். என் வேலை என்றேன். முழுசும் உடைக்கணும் என்றாள், உடை என்றேன். பிறகு பழையபடி, இதுல யாரு நடப்பாங்க என்றாள். நான் உள்ளே போய் அம்மாவை முன்கதவு வழியாக, என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கூட்டிவந்தேன். நாளை அந்தப் பெண் முன்பு போட்ட தரை ஒன்றைப் பார்க்கப் போகிறோம். அம்மா நடந்து பார்த்துச் சொல்லட்டும், நான் ஓரமாக நிற்கிறேன். நிறம் மட்டும் செங்காவிதான், அதில் மாற்றமில்லை.

மூவரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள், பேத்திக்கு என் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே, அம்மா மறுபடி அரண்மனை என்று சொன்னால், ஆமாம்மா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா