கோபால் சாருக்குப் போட்ட சைபர்

வெள்ளிக்கிழமை, இரவு.

என் ஹிந்தி டியூஷனில் ஆறாவது படிக்கும் நிவேதாவும் அறுபது வயது கோபால் சாரும் ஒரே பெஞ்ச். இன்று டெஸ்டில் அவர் அவளைப் பார்த்து எழுதினார். பிள்ளைகளும் கவனித்துவிட்டார்கள். காப்பியடித்தால் பேப்பரைப் பிடுங்கி சைபர் போடுவது என் வழக்கம். அவருடையதையும் பிடுங்கினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தனை பேர் முன்னால் செய்திருக்க வேண்டாமோ? பொழிச்சலூரிலிருந்து பஸ் மாறி வருகிறவர், இனி சேலையூர் பக்கமே வரமாட்டார் என்று பயந்துகொண்டே பாடம் நடத்தினேன். எல்லாரும் போனபின் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மிஸ், மார்க் மெசேஜ் வீட்டுக்குப் போகுமா?"

அட்மிஷன் ஃபார்மில் பெற்றோர் நம்பர் என்ற இடத்தில் மகள் நம்பரைத்தான் எழுதியிருந்தார்.

"எல்லாருக்கும் போகும் சார்."

"சரி. திங்கக்கிழமை திரும்ப எழுதறேன். என்னைத் தனியா உட்கார வைங்க."

அப்பாடா. வருகிறார்.

சாப்பிட்டுவிட்டு எல்லா வீட்டுக்கும் மார்க் அனுப்பினேன். முதல் பதில் அவர் மகளிடமிருந்துதான் வந்தது.

"ஸாரி மிஸ். திங்கக்கிழமை வரைக்கும் அப்பா போனை வாங்கி வச்சிட்டேன்."