புள்ளி இல்லாத பதினெட்டுப் பக்கம்

ஆடி 20, திங்கள்
மேல்காற்று. புத்தகம் முழுக்கப் புழுதி. அந்த இங்கிலீஷ் நாவலில் ஏழாம் அத்தியாயம், மூன்றாம் முறை. பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. நேற்று வரை ஆசிரியர் மேல்தான் ஆத்திரம். பி.ஏ. படித்தவளுக்கே இந்தப் பாடு என்றால் வேறு யார் வாசிப்பதாம்?

இன்று அடுப்படியில் நின்றே வாசித்தேன். பிடிபட்டது. பால் பொங்கி வழிந்ததைப் பார்க்கவில்லை. கப்பலில் போகிற ஒருத்தி, துணி தைத்தபடி நினைக்கிறாள். நூல், உப்புக்காற்று, செத்துப்போன மகள், மறுபடி நூல். எல்லாம் ஒரே மூச்சில். என் மகள் ராஜத்தின் நினைப்பு எனக்கும் இப்படித்தான் வரும். பிள்ளை போய் ஒன்பது வருஷம். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆடி 21, செவ்வாய்
வாசகசாலைத் தவணை முடிந்தது. புது முத்திரை வாங்க இவர் கொண்டுபோனார். வெறுங்கையோடு வந்தார்.
"காரியதரிசி ரெண்டு நாள் வச்சுக்கிடுதேன்னாரு. அச்சுப்பிழை இருக்காம்."
அச்சுப்பிழையா!
வாங்க: உளுந்து, விளக்குத்திரி, ரேஷன் சீனி.

ஆடி 24, வெள்ளி
புத்தகம் வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் சிவப்பு மை. பென்சில்கூட இல்லை, மை! பதினோரு பக்கம் புள்ளி வைத்துத் திருத்தியிருக்கிறார் காரியதரிசி. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். பரீட்சைத்தாள் என்று நினைப்பு. மகள் செத்தாள் என்று வருகிற இடத்தில் ஒரு பெரிய புள்ளி. அதோடு தீர்ந்ததாம். அடுத்த சொல்லுக்குப் பெரிய எழுத்து வேறு.
இவர்: "நல்லதுதானே செஞ்சிருக்காரு? ஒனக்கும் வாசிக்க லேசா இருக்கும்லா."
சட்டியை ணங்கென்று வைத்தேன். பாத்திரம் தேய்க்கிற பேச்சி, "எக்கா, கோவத்த ஏன் சட்டி மேல காட்டுதிய?"

ஆடி 25, சனி
நானே போனேன். பேப்பர் வாசித்த ஆண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.
"அண்ணாச்சி, யாரக் கேட்டுப் புள்ளி வச்சிய?"
"யாரம்மா கேக்கணும்? முப்பது வருஷம் கிராமர் நடத்தியிருக்கேன். வெள்ளக்காரன் அச்சாபீசுலயும் சோம்பேறி உண்டும். குடுங்க, மிச்சம் ஏழு பக்கத்தையும் முடிச்சுத் தாரேன்."
"பிழை இல்ல. அவ நிறுத்தாம நினைக்கா."
"நிறுத்தாம எவ நினைப்பா?"
அறை முழுக்கச் சிரிப்பு.
"நான்," என்றேன். சிரிப்பு நின்றது. புத்தகத்தைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

ஆடி 26, ஞாயிறு
இவருடைய சவரப் பிளேடு. அந்த ஒரு புள்ளியை மட்டும் சுரண்டினேன். மை ஊறிப்போயிருக்கிறது. தாளில் ஓட்டை. ஓட்டை வழியே அடுத்த தாளின் எழுத்து தெரிகிறது. புள்ளிக்கு இது மேல். திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. கேட்டால் தொலைந்தது என்று இவரே சொல்லட்டும். கொண்டுபோய் நீட்டியவர் இவர்தானே.