பன்னிரண்டு மணி மாத்திரையும் ஒரு ஸ்பீக்கரும்

3 ஜூலை 2025, வியாழன்

கல்லூரி ஆய்வகத்தில் தூசி படிந்து கிடந்த சின்னக் கம்ப்யூட்டரைத் துறைத்தலைவரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். இதை ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்து, பகல் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அம்மாவை மாத்திரை போடச் சொல்ல வைக்க வேண்டும். அந்த இரண்டு வேளையும் நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு நடுக்குவாதம்; மணி தப்பினால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், அடி எடுத்து வைக்க முடியாது. போன மாதம் கொல்லைப்பக்கம் விழுந்தது அப்படித்தான். போனில் அலாரம் வைத்துப் பார்த்தாயிற்று. நடுங்கும் விரலுக்கு அது அணைய மாட்டேன் என்கிறது. எரிச்சலில் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிடுகிறாள்.

"எதுக்குடி இம்புட்டு வயரு?" என்றாள்.

வயர் இல்லாமல் பேசத்தான் இத்தனை வயர் என்றேன். சிரிக்கவில்லை.

5 ஜூலை, சனி

ஸ்பீக்கரை அடுப்படி ஜன்னலில் தொங்கவிட்டேன். கம்ப்யூட்டர் ஹாலில். நடுவே வயர் இழுத்தால் அம்மா கால் தடுக்கும். கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் தேடியும் ஸ்பீக்கர் அதன் கண்ணில் படவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது என் போனோடு முன்பே ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் ப்ளூடூத்தை அணைத்ததும் வந்தது.

மாலையில் வசந்தகுமார் பேசினான். "அக்கா, இருபதாம் தேதி வாரேன். திரும்புறதுக்கு அம்மாவுக்கும் சேத்து பஸ்ல ரெண்டு சீட்டு போட்டுட்டேன். கோயம்புத்தூர்ல ஆள் வச்சுப் பாத்துக்கிறேன்." தம்பி நல்லவன்தான். அவன் சொல்வதிலும் தப்பில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து, "நாலாவது மாடியில போயி யாரு மூஞ்சிய நான் பாக்குறது?" என்றாள். அவனுக்குக் கேட்கும்படி இல்லை.

7 ஜூலை, திங்கள்

காலையில் கரண்ட் போய் வந்ததும் இணைப்பு அறுந்துவிட்டது. ஜோடி சேர்த்தால் மட்டும் போதாதாம், அந்த ஸ்பீக்கரை நம்பலாம் என்றும் கம்ப்யூட்டருக்குத் தனியாகக் கட்டளை தரவேண்டுமாம். தந்தேன். இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், தானாகவே சேர்ந்துகொண்டது. அப்புறமும் மூன்றாவது முறை அணைத்துப் பார்த்தேன். என் சுபாவம்.

8 ஜூலை, செவ்வாய்

பன்னிரண்டு மணி மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. நாலு மணியுடையதும். ஸ்பீக்கர் அணைந்து கிடக்கிறது. அம்மா கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

9 ஜூலை, புதன்

இன்றும் அதேதான்.

கேட்டுவிட்டேன் - "நீதானே அணைச்ச?" விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை நிறுத்துகிறவள் அம்மா. படுக்கப் போகுமுன் சுவர் சுவராகத் தடவி எல்லா சுவிட்சையும் அணைப்பாள். பிரிட்ஜைக்கூட ஒருமுறை அணைத்திருக்கிறாள். வேறு யார்மேல் சந்தேகப்படுவது?

"நான் அந்தப் பக்கமே போகலடி."

"அப்ப யாரு, பேயா?"

"படிச்சவ, நீயே கண்டுபிடி."



12 ஜூலை, சனி

விடுமுறை. ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்தினேன். அம்மா கட்டிலில் தூக்கம். கொஞ்ச நேரத்தில் நீல விளக்கு ஒருமுறை மின்னியது, 'டுங்' என்றது, தானாக அணைந்தது. சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது.

யாரும் பேசாவிட்டால் ஸ்பீக்கர் தூங்கிவிடுகிறது! பாட்டரியை மிச்சம் பிடிக்கிறதாம். சோதித்த நாட்களில் நான் விடாமல் பேசவைத்ததால் விழித்திருந்தது. நான் கல்லூரிக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தினமும் அது தூங்கியிருக்கிறது.

அம்மா எழுந்ததும் சொன்னேன்.

"ஆக, நான் அணைக்கல."

"இல்ல."

"அதச் சொல்லு மொதல்ல."

சொன்னேன். சாயங்காலம் கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த நகரை மீன் வாங்கிவந்தேன். முள் எடுத்துக் கொடுத்தபோது, "ஸ்பீக்கருக்கு வைக்கலையா?" என்றாள்.

13 ஜூலை, ஞாயிறு

சத்தமே இல்லாத ஒரு பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஏமாறவில்லை, தூங்கிவிட்டது. பிறகு காதுக்கு எட்டாத அளவில் தாழ்ந்த ஒரு முனகலை நாள் முழுக்க அனுப்பும்படி செய்தேன். காலையிலிருந்து மாலைவரை நீல விளக்கு அணையவில்லை. இருபது வருடமாக ஒலியலைப் பாடம் நடத்தியதற்கு வீட்டில் முதல் பயன்.

15 ஜூலை, செவ்வாய்

ஸ்பீக்கர் பேசியிருக்கிறது. மாத்திரை மட்டும் டப்பாவில்.

"கேட்டுச்சு. 'மருந்து உட்கொள்ளும் நேரம்'னுச்சு. ரேசன் கடையில யாரையோ கூப்புடுற மாதிரி இருந்துச்சு. எனக்குன்னு நெனைக்கல," என்றாள் அம்மா.

கோபம் வரவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டேன். என் குரல்தான், ஆனால் கல்லூரி அறிவிப்பு வாசிக்கும் குரல். இதைக் கேட்டு நானே எழுந்திருக்க மாட்டேன்.

16 ஜூலை, புதன்

மாற்றிப் பதிந்தேன். "அம்மா, மாத்திர போட்டியா?" - இவ்வளவுதான். சும்மா சொல்வதாக இல்லாமல் கேள்வியாக. கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்க்கவேண்டியிருந்தது. இப்படி அவளிடம் நேரில் கேட்டிருக்கிறேனா? டப்பாவைத் திறந்து பார்ப்பதுதான் என் வழக்கம்.

18 ஜூலை, வெள்ளி

நேற்றும் இன்றும் இரண்டு மாத்திரையும் போயிருக்கின்றன. நாளை மறுநாள் வசந்து.

20 ஜூலை, ஞாயிறு

விடிகாலையில் வந்தான். அம்மாவின் சேலைகளை மடித்து வைக்கச் சொன்னான். நான் மடித்தேன்.

"நீ காலேஜ் போயிட்டா, இங்கன இவுகளுக்கு என்ன ஆனாலும் யாருக்குக்கா தெரியும்?"

இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு அடுப்படியிலிருந்து என் குரல்: "அம்மா, மாத்திர போட்டியா?"

கொல்லையிலிருந்து அம்மா: "இந்தா எந்திரிச்சுட்டேன்டி, கத்தாத!"

வசந்து மூடியிருந்த என் வாயைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

ஆனாலும் சாப்பிட்டதும் மறுபடி ஆரம்பித்தான். "அங்கன கேக்குறதுக்கு ஆள் வைக்கிறேன்மா."

"ஏலே, சம்பளத்துக்குக் கேக்குறவளுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்."

"அக்கா, நீயாவது சொல்லு."

"அம்மா இங்கேயே இருக்கட்டும், வசந்து. எனக்கு வேணும்."

சொன்னது நான்தானா? அம்மா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. ஆனால் அடுத்த கவளம் வாய்க்குப் போகக் கொஞ்ச நேரம் ஆனது.

வசந்து ஒரு நிபந்தனை போட்டான்: பக்கத்து வீட்டு ராக்கு நடுப்பகலிலும் நாலு மணிவாக்கிலும் வந்து எட்டிப் பார்க்க வேண்டும், அவளிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். எனக்கே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. ராக்குவும் சரி என்றாள். ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போனான். பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு கை காட்டினான்.

சேலைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன்.

27 ஜூலை, ஞாயிறு

வசந்து தன் குரலைப் பதிந்து போனில் அனுப்பியிருக்கிறான். "நாலு மணிக்கு என்னோடதப் போடுக்கா." பின்னால் லாரி ஹாரன் கேட்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று ஏற்றிவிட்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

கல்லூரியிலிருந்து வந்தபோது வாசலில் ராக்கு. "அக்கா, ஒங்கம்மா மூணே முக்காலுக்கே தண்ணிச் செம்போட ஸ்பீக்கரு முன்னாடி உக்காந்துர்றாக. வசந்தண்ணன் கேட்டதும், 'போட்டுட்டேன்யா, நீ சாப்டியாய்யா, ஏன்யா அங்கன இம்புட்டு லாரி?'ன்னு ஒரே பேச்சு."

"பன்னிரண்டு மணிக்கு?"

ராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு, 'தெரியும்டி, போ'ங்குறாக."