மல்லிகாவின் பேன்சிச் செடி

4-3-86, செவ்வாய்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. துணி இரண்டு வாளி. பக்கத்து வீட்டு மல்லிகாவின் பேன்சி இன்னும் பூக்கிறது. ஐந்தாவது மாதம். கேமரன் மலைக் குளிரில் பூக்கிற பூ, நம் பிரிக்பீல்ட்ஸ் புழுக்கத்தில்! அவள் புருஷன் சேகர் மலையிலிருந்து ஓட்டி வரும் காய்கறி லோரியில் கொண்டு வந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். மூன்றே வாரம், வதங்கிச் செத்தது.

என் வீட்டுக்காரர் இவர், காப்பியை வைத்துக்கொண்டு, "மல்லிகாவுக்குக் கைராசி லா. உனக்குக் கறிவேப்பிலையே வராது" என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

8-3, சனி
நூலகம். மீன் வாங்க மறந்தேன். பேன்சி குளிர் ஊரில் ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட இருக்குமாம். சூட்டில் சில வாரம்தான். அப்புறம் இவளுக்கு மட்டும் எப்படி?

எழுதி வந்தது: மொட்டு இல்லாத தண்டு. மூன்று அங்குலம். கணுவுக்குக் கீழே வெட்டு. அடி இலை கிள்ளு. ஈர மணல், நிழல். மூன்று நான்கு வாரத்தில் வேர்.

அவளிடம் தண்டு கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. இவரிடம் ஒரு பை மணல் கேட்டேன். "நாளைக்கு" என்றார்.

20-3, வியாழன்
விடிகாலை, தூறல். குப்பை கொட்டப் போனேன். வராந்தாவில் சேகர் குந்தியிருக்கிறார். வாடிய செடியைப் பிடுங்கி, அதே தொட்டியில் புதுச் செடி வைக்கிறார்.

"அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. முதல் செடி வாட ஆரம்பிச்சப்ப அவ ரெண்டு நாளு சரியா சாப்பிடல. மாத்தி வச்சேன். தான் தண்ணி ஊத்தித் தேறிடுச்சின்னு நெனச்சிட்டா."

மாதம் ஒரு தடவை மாற்றுகிறாராம். அதே மஞ்சள், நடுவில் கறுப்பு. அது கிடைக்க நாலு தோட்டம் ஏறி இறங்குவாராம்.

கைராசியாவது மண்ணாவது! சாயங்காலம் இவர் வரட்டும்.

சொல்லவில்லை. ஏனோ.

22-3, சனி
தலைவலி. மல்லிகா பால் டின்னில் ஒரு தண்டு கொண்டு வந்தாள். "மொட்டு இருக்கிறத வெட்டக்கூடாதுக்கா. நிழல்ல வைங்க. பேசிக்கிட்டே தண்ணி ஊத்துங்க, வந்துடும்." முகமெல்லாம் பெருமை.

இவர், "பாத்தியா, கைராசி."

நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். மல்லிகாவுக்காக மட்டும் இல்லை. சொன்னால் இவர் சிரிப்பார். "சேகருக்கு வேற வேலை இல்ல" என்பார். அதை என்னால் கேட்க முடியாது.

பொறாமை தீரவில்லை. போன வாரம் செடி மேல். இப்போது அந்த நாலு தோட்டம் மேல்.

மணல் இன்னும் வரவில்லை.