நம்ம சர்தார்

சென்ட்ர் டி ஃப்ளாக்,
ஆகஸ்ட் 1958

மகனே,

நீ நடித்த படம் இங்கே வந்தது. அம்மாவோடு போய்ப் பார்த்தேன்.

கதாநாயகன் முகம் மறந்துவிட்டது. நீ கங்காணியாக வந்த ஐந்து நிமிஷம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. இங்கே சர்தார் என்கிறோமே, அதே ஆள். இடது காலை இழுத்து நடக்கிறாய். பிரம்பால் தொடையைத் தட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுகிறாய்.

கொட்டகையில் பாதிப் பேர் என்னிடம் கரும்பு வெட்டியவர்கள். "நம்ம சர்தார்டா இது" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். நடிக்கிறவன் என் மகன் என்று உரக்கச் சொன்னேன். இந்தத் தீவிலிருந்து மதராஸுக்குப் போய் இப்படி நடிக்க வேறு எவனால் முடியும்?

ஒரே இடத்தில் தப்புப் பண்ணிவிட்டாய். வேலைநிறுத்தக்காரன் எதிரே வந்து நின்றதும், கங்காணி ஓங்கின பிரம்பை அடிக்காமல் தாழ்த்திவிடுகிறான். முப்பத்தேழாம் வருஷ வேலைநிறுத்தத்தில் நீ அப்படி என் எதிரே வந்து நின்றபோது நான் தாழ்த்தவில்லை. அந்த மாதமே நீ கப்பலேறினாய்.

அடுத்த படத்திலும் கங்காணி வேஷம் கிடைத்தால், பிரம்பை இதேபோல் தாழ்த்திவிடு. நான் வந்து கைதட்டுகிறேன்.

உன் அப்பா